என்னதான் தெரியுது அங்கே?

கேள்வி: பாலத்தில் நாலு பேர் நின்று ஆற்றை எட்டிப் பார்த்தால், போகிறவர்கள் எல்லாம் வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சேர்ந்து எட்டிப் பார்க்கிறார்களே, ஏன்?
- வாசகர், மதுரை

பதில்: வைகையில் தண்ணீர் வந்துவிட்டதோ என்ற நப்பாசைதான்! ஆனால் இது மதுரைக்கு மட்டும் உள்ள வியாதி அல்ல. ஸ்டான்லி மில்கிராம் என்ற உளவியலாளர் நியூயார்க் நடைபாதையில் ஓர் ஆளை நிறுத்தி, ஆறாவது மாடி ஜன்னலை அண்ணாந்து பார்க்க வைத்தார். கடந்து போனவர்களில் 100க்கு 4 பேர் நின்றார்கள். 15 ஆட்களை நிறுத்தியதும் 40 பேர் நின்றுவிட்டார்கள். (1969இல் வெளியான ஆய்வு.) மேலே வேடிக்கை பார்க்கும்படி எதுவும் நடக்கவில்லை. நம்மூராக இருந்தால் "என்னங்க ஆச்சு?" என்று பக்கத்து ஆளைக் கேட்டிருப்பார்கள். அவரும் அப்போதுதான் வந்திருப்பார். ஆனாலும் முழுக் கதையையும் சொல்லியிருப்பார்.