குழிக்குக் காசு கிடையாது

அமெரிக்காவின் நடுமேற்கில் ஒரு சின்ன நகரம். வருமானம் குறைந்தவர்களின் வீட்டுக்கும் தெருவுக்கும் வாஷிங்டன் அனுப்புகிற பணத்தை எதற்கு எவ்வளவு செலவு செய்யலாம் என்று நகர மன்றத்துக்குச் சிபாரிசு செய்ய அங்கே ஒரு குழு உண்டு. அதில் நான் சில வருஷம் உறுப்பினராக இருந்தேன். இப்படி எழுதினால் ஏதோ பெரிய மனுஷன் என்று தோன்றும். அப்படித் தோன்ற வேண்டும் என்றுதான் சேர்ந்தேன். ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் பொருளாளர் பதவிக்கு நின்று தோற்றிருந்த நேரம் அது.

அந்த இடத்துக்கு மனுப்போட்டவன் நான் ஒருவன்தான் என்பது பிறகு தெரிந்தது. அதற்குள் ஊருக்கு போன் போட்டு, "மேயர் நியமிச்சிருக்கார்ப்பா" என்று சொல்லியாகிவிட்டது. அப்பா பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். "பில்லு, வவுச்சர் எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துக்கோ" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. பெருமைப்படத் தெரியாத மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

பணம் வருகிற வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். 1974 ஆகஸ்ட் 9 அன்று நிக்ஸன் பதவியை விட்டுப் போனார். அதே மாதம் 22-ஆம் தேதி, நாற்காலி சூடாகும் முன்பே ஜெரால்ட் ஃபோர்ட் கையெழுத்துப் போட்ட சட்டம் இது. அதுவரை இடிந்த பேட்டைகளைச் சீரமைக்க ஒரு திட்டம், சாக்கடைக்கு ஒன்று, பூங்காவுக்கு ஒன்று என்று நகரங்கள் தனித்தனியாக வாஷிங்டனின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தன. புதுச் சட்டம் அவற்றை ஒன்றாகக் கட்டி, 'இந்தா மொத்தமாக, உன் ஊருக்கு எது தேவை என்று நீயே முடிவு செய்' என்றது. 50,000 பேருக்கு மேல் வசிக்கும் நகரங்களுக்கும் பெரிய மாவட்டங்களுக்கும் நேராக வருகிறது. அப்படிப் பெறுபவை 1,200-க்கு மேல். இந்த நிதிக்குச் சி.டி.பி.ஜி. என்று பெயர். வீட்டு வசதித் துறையை எல்லோரும் 'ஹட்' என்றுதான் சொல்வார்கள். அது இரண்டு விதமாகக் கணக்குப் போட்டு, எதில் தொகை அதிகமோ அதை ஊருக்குத் தருகிறது. ஒன்றில் வறுமைக்குப் பாதி எடை. இன்னொன்றில் 1940-க்கு முன்னால் கட்டிய வீடுகளுக்குப் பாதி எடை. படி ஏறினால் வீடே முனகுகிறது என்று நான் அன்றாடம் திட்டிக்கொண்டிருந்த என் வாடகை வீடும் ஊருக்குக் கொஞ்சம் சம்பாதித்துத் தந்துகொண்டிருந்தது.

முதல் கூட்டத்துக்கு ஒரு யோசனையோடு போனேன். கிழக்குப் பக்கத் தெருக்களில் பனிக்காலம் முடிந்ததும் குண்டும் குழியும்தான் மிச்சம். அங்கே ஏழைகள் அதிகம், பணமும் ஏழைகளுக்கான பணம். எனவே குழிகளை அடைப்போம். மனைவியிடம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போன பேச்சு. குழுவை நடத்திய அதிகாரி அம்மா அந்த வேலையிலேயே தலை நரைத்தவர். மறுத்துப் பேசாமல் விதிப்புத்தகத்தைத் திறந்து என் பக்கம் நகர்த்தினார். குழி அடைப்பது, நடைபாதை விரிசலைப் பூசுவது, பூங்காப் புல்லை வெட்டுவது, தெருவிளக்கில் போன பல்பை மாற்றுவது ஆகியவற்றுக்கு இந்தப் பணத்தைத் தொடக்கூடாது என்று பெயர் சொல்லியே எழுதியிருந்தது. தெரு முழுவதையும் பெயர்த்துப் புதிதாகப் போடலாம். குழியை மட்டும் அடைக்க முடியாது.

"அப்படியானால் குழி பெரிதாகும்வரை காத்திருக்க வேண்டுமா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் நிஜமாகவே கேட்டது யாருக்கும் புரியவில்லை.

விதியில் நியாயம் இருக்கிறது. பராமரிப்பு நகரம் தன் வரிப்பணத்தில் செய்ய வேண்டிய வேலை. அதற்கும் வாஷிங்டன் பணம் என்று ஆகிவிட்டால், மன்றம் தன் பணத்தை வேறெங்காவது திருப்பிவிடும். இது எனக்கு அன்று விளங்கவில்லை. அடுத்த கூட்டத்திலேயே, ஏழைக் குடும்பங்களுக்குப் பணத்தைக் கையில் கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்டேன். அதுவும் கூடாது. வாடகைக்கோ மின்கட்டணத்துக்கோ அவசரம் என்றால் தொடர்ந்து மூன்று மாதம்வரை கட்டலாம், அதையும் வீட்டுக்காரருக்கோ மின் நிறுவனத்துக்கோ நேராகத்தான் கட்ட வேண்டும். அந்த அம்மா இந்த முறை புத்தகத்தை நகர்த்தவில்லை. பக்க எண்ணை மட்டும் சொன்னார்.

ஏழை என்றால் யார் என்பதிலும் எனக்குத் தகராறு. சுற்றுவட்டாரத்தின் நடுத்தர வருமானத்தில் 80 சதவீதத்துக்குள் சம்பாதிக்கும் குடும்பம் கணக்கில் வரும். எத்தனை பேர் குடும்பம் என்பதைப் பொறுத்து வரம்பு மாறும், ஹட் ஆண்டுதோறும் பட்டியல் போடும். பட்டியல் கைக்கு வந்ததும் கிழக்குப் பக்கத்தை மனதில் வைத்துக்கொண்டு படித்தேன். என் மகளைப் பகலில் பார்த்துக்கொண்ட டேகேர் டீச்சர் அதில் வருவார், பள்ளிப் பேருந்து ஓட்டுநர் வருவார். முதுகலை படிக்க வந்த புதிதில், மனைவிக்கு வேலை செய்ய விசா அனுமதி இல்லாத அந்த வருஷங்களில், நாங்களே தாராளமாக வந்திருப்போம். அந்த நாளில் யாராவது என்னைப் பரிதாபமாகப் பார்த்திருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

என் பெரிய சொதப்பல் சேவைப் பணத்தில் நடந்தது. மொத்தத் தொகையில் 15 சதவீதத்துக்கு மேல் சேவைகளுக்குக் கொடுக்கக் கூடாது. முதியோருக்கு மதிய உணவு, அடிபட்டு ஓடிவரும் பெண்களுக்கு அடைக்கலம், பள்ளி விட்டபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது, வாடகைக்காரருக்கு வக்கீல் உதவி எல்லாம் அந்தச் சின்னப் பையிலிருந்துதான் வரவேண்டும். கேட்டு வந்த தொகையோ பையைப்போலப் பல மடங்கு. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் நாங்கள் மார்க் போட வேண்டும்.

மார்க் போடுவது எனக்குக் கை வந்த கலை என்று நம்பினேன். ஆபீசில் மென்பொருள் வாங்கும்போது நான்தானே மார்க் போடுகிறேன்! வண்ண வரைபடத்தோடு, இலக்கு, விளைவு, அளவுகோல் என்று கட்டம் கட்டி வந்த விண்ணப்பத்துக்கு வாரி வழங்கினேன். அவர்கள் விளக்கம் சொல்ல வந்தபோது கொண்டுவந்த குக்கீயும் நன்றாக இருந்தது. மார்க்குக்கும் குக்கீக்கும் சம்பந்தமில்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன். கிழக்குப் பக்கத்துச் சர்ச் ஒன்றைச் சேர்ந்த வயதான பெண்கள் சிலரின் விண்ணப்பம் பேனாவால் எழுதியிருந்தது. தணிக்கை அறிக்கை இல்லை. மத்திய அரசுப் பணம் வாங்க வேண்டுமானால் அதன் தளத்தில் பதிவு செய்து ஒரு அடையாள எண் வாங்க வேண்டும், அதுவும் இல்லை. 'நிறுவனத் திறன்' என்ற கட்டத்தில் மிகக் குறைந்த மார்க்கைப் போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விட்டேன். டயாலிசிஸுக்குப் போக வண்டி இல்லாத கிழவர்களைத் தங்கள் சொந்தக் காரிலேயே ஏற்றிக்கொண்டு போய்வந்தவர்கள் அவர்கள். விண்ணப்பத்தில் எழுதியும் இருந்தார்கள். கையெழுத்து சரியாகப் புரியவில்லை என்பதால் அந்தப் பத்தியை நான் படிக்கவில்லை.

மார்க் போட்டு முடித்ததும் பங்கீட்டில் வாக்குவாதம். யாரையும் வெறுங்கையோடு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. "எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்துவிடுவோம்" என்றேன். அதிகாரி அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். குழு கைதட்டியது. கடைசிப் பந்திக்குப் பாயசம் மாதிரி ஆளுக்கு ஒரு கரண்டி. அன்று இரவு நல்ல தூக்கம். என்ன நடந்தது என்றால், கரண்டி சிறிதானாலும் பேப்பர் வேலை குறையாது. உதவி பெறுபவர் வருமானத்துக்குச் சான்று, காலாண்டு அறிக்கை, செலவுக்கு ரசீது எல்லாம் பெரிய தொகைக்கு எப்படியோ அப்படியே சின்னத் தொகைக்கும். சின்ன அமைப்பு ஒன்று வருஷ நடுவில் எங்கள் பணத்தைத் திருப்பியே கொடுத்துவிட்டது. கணக்கு எழுதும் செலவு மானியத்தை மிஞ்சிவிட்டதாம். நாலு பேருக்கு உருப்படியாகக் கொடுத்துவிட்டு மற்றவர்களிடம் முகத்துக்கு நேராக 'இல்லை' என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை. அதற்குக் கருணை என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

சிக்கனமும் என்னைக் கைவிட்டது. ஒரு கூட்டத்தில் பழைய ஆண்டுகளின் பணம் நிறைய மிச்சம் என்று கணக்கு காட்டினார்கள். மிச்சம் என்றால் நல்லது என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். எழுந்து பாராட்டுத் தெரிவித்தேன். அறையில் அமைதி. திட்ட ஆண்டு முடிய 60 நாள் இருக்கும்போது, ஓராண்டு மானியத்தில் ஒன்றரை மடங்குக்கு மேல் செலவாகாமல் கிடந்தால் அது குற்றக் கணக்கு. பணத்துக்கே ஆபத்து. அவசரமாகச் செலவு செய்ய என்ன இருக்கிறது என்று தேடினார்கள். நடைபாதை முனைகளைச் சரிவாக்கும் வேலை தயாராக இருந்தது. முதியோரும் கடும் ஊனம் உள்ளவர்களும் இந்தத் திட்டத்தில் தனியாக வருமானச் சான்று காட்ட வேண்டியதில்லை, அதனால் அந்த வேலைக்குத் தடையும் குறைவு. "சிமென்ட்டில் போய்க் கொட்டுகிறோமே" என்று நான் முனகினேன். அடுத்த கோடையில் அம்மா ஊரிலிருந்து வந்தாள், முட்டி வலியோடு. அந்தச் சரிவுகளில்தான் கடைக்கு நடந்துபோய் வந்தாள். எதற்காகப் போட்டது என்று அவளிடம் நான் விளக்கினேன். முனகியதைச் சொல்லவில்லை.

கூரை விஷயத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். வீடு பழுதுபார்க்கும் திட்டத்தில் ஒரு மூதாட்டியின் வீட்டைப் பார்க்கக் குழு போயிருந்தது. சமையலறைக் கூரையிலிருந்து வாளியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வாக்குக் கொடுக்க எனக்கு எந்த அதிகாரமும் கிடையாது. இருந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "பனி விழறதுக்குள்ள முடிச்சிடலாம்" என்றேன். நான் மறந்தது: அமெரிக்காவில் ஈயப் பெயின்ட்டுக்குத் தடை வந்தது 1978-இல். அதற்கு முன் கட்டிய வீட்டில் இந்தப் பணத்தைக் கொண்டு கை வைத்தால் ஈயம் பார்க்க வேண்டும். வேலைச் செலவு 5,000 டாலரைத் தாண்டினால் ஒரு விதி, 25,000 டாலரைத் தாண்டினால் ஈய ஆபத்தை அடியோடு நீக்கும் விதி. கூரையைத் திறந்து பார்த்தபோது உத்தரமும் உளுத்திருந்தது, செலவு மளமளவென்று ஏறியது. அதற்குமேல் சுற்றுச்சூழல் ஆய்வு, பிறகு டெண்டர். பனி விழுந்தது, உருகியது, கூரை அடுத்த கோடையில்தான் முடிந்தது. அந்தக் குளிர்காலம் முழுவதும் மளிகைக் கடையில் அந்த அம்மாளைப் பார்த்தால் நான் பால் வாங்குவதை விட்டுவிட்டு நாய் உணவு வரிசைக்குள் போய் நின்றேன். எங்கள் வீட்டில் நாய் கிடையாது. ஒருநாள் அங்கேயே வந்து பிடித்துவிட்டார். "வாளியை மாற்றிவிட்டேன், இது பெரியது" என்று மட்டும் சொன்னார்.

கடைசியாகப் பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டம். ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு நடத்தியாக வேண்டும் என்பது சட்டம். திட்ட வரைவை 30 நாள் பார்வைக்கு வைக்க வேண்டும். வருகிற கருத்துகளின் சுருக்கத்தையும், ஏற்காதவற்றை ஏன் ஏற்கவில்லை என்பதையும் திட்டத்தோடு இணைக்க வேண்டும். அறிவிப்பு உள்ளூர்ப் பத்திரிகையில் ஏல விளம்பரங்களுக்கு நடுவே, வக்கீலுக்கே புரியாத பாஷையில் வரும். "நான் ஆள் சேர்க்கிறேன்" என்று மார் தட்டி, தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸாப் குழுவில் செய்தி போட்டேன். நிறையக் கட்டைவிரல்கள் உயர்ந்தன. வந்தவன் ஒருவன், அதுவும் சாப்பாடு இருக்கும் என்று நினைத்து. வந்த பாவத்துக்கு ஏதாவது சொல்லுடா என்றேன். நூலகத்துக்குப் பக்கத்துத் தெருவில் விளக்கு எரிவதில்லை என்றான். அதிகாரி அம்மா முழுமையாக எழுதிக்கொண்டார். அந்த ஆண்டுத் திட்டத்தின் பின்னிணைப்பில் அவன் கருத்து அச்சாகி வாஷிங்டனுக்குப் போயிருக்கிறது. பக்கத்திலேயே பதில்: பல்பு மாற்றுவது இந்த நிதியில் சேராது, பொதுப்பணித் துறைக்கு அனுப்பப்பட்டது. இரண்டு வாரத்தில் விளக்கு எரிந்தது. நான் குழுவில் இருந்த காலம் முழுவதிலும் என் முயற்சியால் நடந்தது என்று கைகாட்டக்கூடியது அந்த ஒரு பல்புதான், அதற்கும் மானியத்திலிருந்து ஒரு செண்ட் செலவாகவில்லை.

என் பதவிக்காலம் முடிந்தது. நீட்டிக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை. இந்தத் திட்டத்தையே நிறுத்திவிடலாம் என்று வெள்ளை மாளிகையின் பட்ஜெட் யோசனைகளில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை வந்திருக்கிறது, 2018 நிதியாண்டுக்கான பட்ஜெட் அதில் ஒன்று. இரு கட்சியிலும் மேயர்களும் உறுப்பினர்களும் கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றதால் காங்கிரஸ் தொடர்ந்து பணம் ஒதுக்கிவந்தது. அண்மை ஆண்டுகளில் நாடு முழுவதற்கும் ஆண்டுக்குச் சுமார் 330 கோடி டாலர்.

நீங்கள் அமெரிக்காவில் நடுத்தர நகரம் எதிலாவது இருந்தால் இந்தக் கூட்டம் உங்கள் ஊரிலும் நடக்கும். கருத்துச் சொல்ல வாக்குரிமை வேண்டாம், விசா என்ன என்று கேட்க மாட்டார்கள். அந்த ஊரில் குடியிருந்தால் போதும். நகராட்சித் தளத்தில் தேதி போட்டிருப்பார்கள். நாற்காலிகள் காலியாகத்தான் இருக்கும், பேச இரண்டு மூன்று நிமிஷம் தருவார்கள். குழியைப் பற்றிக் கேட்காதீர்கள், தெருவைப் பற்றிக் கேளுங்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.