பிராந்து மேல் ஒரு வழக்கு

கல்முனையில் ஆகாயத்தைப் பார்த்து ஏசும் மனுசி யாரென்று கேட்டால் எங்கள் வளவைத்தான் காட்டுவார்கள். அடைக்கோழி குஞ்சோடு இறங்கிவிட்டால் உம்மாவுக்கு அடுப்படி மறந்துபோகும். ஒரு கையில் பால்மாப் பேணி, மறுகையில் அகப்பை. கரைவலை இழுபடும் நேரம் செம்பருந்துகள் கடற்கரையில் வட்டமிடுவது சிந்துகிற மீனுக்காக. உம்மாவின் கணக்கில் அத்தனையும் குஞ்சு தூக்க வந்தவை. பருந்து என்பது உம்மாவின் வாயில் பிராந்து.

அதே பறவை சற்று வடக்கே பாண்டிருப்புக்குப் போனால் மதிப்பே வேறு. திரௌபதை அம்மன் கோயில் பக்கம் அண்ணாந்து பார்த்து, கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். செம்பழுப்பு இறக்கையும் வெள்ளைத் தலையுமாக அதுவும் அந்த மரியாதைக்குத் தோதாகத்தான் மிதக்கும். கொஞ்சம் தெற்கே திரும்பினால் பேணிச் சத்தம்.

உம்மாவிடம் ஆதாரமும் உண்டு. ஹஜ்ஜுக்காக இஹ்ராமில் இருப்பவரும் கொல்லலாம் என்று ஹதீஸில் வரும் ஐந்தில் பருந்தும் ஒன்று. காகம், எலி, தேள், கடிநாய் மற்ற நாலு. அந்தக் காகத்துக்குத்தான் உம்மா தினமும் மதில்மேல் மிச்சச்சோறு வைப்பது. 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி பருந்தைக் கொல்வது குற்றம் என்றேன்.

"சட்டம் வந்து குஞ்சு பொரிச்சுத் தருமா மகன்?"

ஆகவே தற்காப்பு. மருதமுனைத் தறிக்காரர் ஒருவரிடம் மிச்சச் சாயம் வாங்கிக் குஞ்சுகளை ஊதாவில் தோய்த்தெடுத்தாயிற்று. பறவைக்கு நிறம் நம்மைவிடத் தெளிவாகத் தெரியும் என்பதை யார் கேட்டார்கள்? பெற்ற கோழிதான் முதலில் மிரண்டது. பிறகு சாச்சாவின் கல்யாண வீடியோ சீடிகள் முருங்கையில் தொங்கின. பயந்து ஓடிய பறவை எதுவுமில்லை. சாச்சி கோபித்துக்கொண்டதுதான் மிச்சம்.

ஒருநாள் கோழி நீளமாகக் கீச்சிட்டது. ஆகாயத்து ஆபத்துக்கு அதனிடம் தனிச் சத்தம். கீரி வந்தால் விட்டுவிட்டுக் கொக்கரிக்கும். உம்மா வானத்தைப் பார்த்துப் பேணியை அடிக்க, நான் முருங்கையைப் பார்த்தேன். சாச்சாவின் கல்யாணத்துக்குப் பக்கத்துக் கிளையில், புறாப் பருமனில் சாம்பல் நிறமாக ஒன்று. செம்மஞ்சள் கண். வல்லூறு. ஓணான், அணில், குஞ்சு என்று எதையும் விடாது, வருவதும் தெரியாது. இடுப்புயரத்தில் சறுக்கி வந்து, ஊதாக் குஞ்சொன்றைக் காலால் பற்றி, மதிலைத் தாண்டியது.

விளக்கிச் சொன்னேன். உம்மா பொறுமையாகக் கேட்டா.

"அது பிராந்துட பிள்ளைதான். தாய் அனுப்பியிருக்கு."

கடைசியில் பழைய கரைவலைத் துண்டொன்றை வளவுக்கு மேல் இழுத்துக் கட்டினோம். அதற்குப் பிறகு ஆகாயத்திலிருந்து எதுவும் இறங்கவில்லை. உம்மாவின் கவலை றாத்தாவின் பூனை மேல் தாவியது. செம்பருந்து அரைக் கிலோ அளவு, பூனை மூன்று கிலோவுக்குக் குறையாது. தன்னைவிடக் கனத்ததைத் தூக்கிப் பறக்க அதனால் ஆகாது. இருந்தும் பூனை முற்றத்துக்குப் போனால் உம்மா குடையோடு பின்னால் போவா.

போன கிழமை வலைக்குள்ளேயே ஒரு குஞ்சைக் காணோம். கோழி விட்டுவிட்டுக் கொக்கரித்ததைத் தெருவே கேட்டது. பூனை திண்ணையில் மீசையை நக்கிக்கொண்டிருந்தது. நபித்தோழர் ஒருவருக்குப் பூனைக்குட்டியை வைத்துத்தான் அபூ ஹுரைரா என்ற பெயரே வந்தது. எங்கள் வீட்டில் பூனை மேல் குற்றம் சொல்ல யாருக்கு வாய் வரும்? உம்மா வலையை ஒவ்வொரு கண்ணாகத் தடவிப் பார்த்தா.

"இதுக்குள்ளால காலை விட்டிருக்கு, கள்ளப் பிராந்து."