இராக்கூத்துப் பாக்க வாற தம்பிக்கு

தம்பி, நீ சைகோனிலை எடுத்த படமெல்லாம் போனிலை பாத்தன். காலமை ஓவியக்கூடம், பின்னேரம் தெருச்சாப்பாடு, இரவு விடிய விடியக் கூத்து. எல்லாம் ஒரே நாளிலை. கெட்டிக்காரன்தான். அந்தப் பட்டணத்துக்கு நடுவிலை தமிழர் கட்டின மாரியம்மன் கோயில் ஒண்டு நூறு வருசத்துக்கு மேலை நிக்குது, அந்தப் படத்தை மட்டும் காணேல்லை. அம்மன் இரவிலை ஆடுறேல்லை எண்டு விட்டிட்டியாக்கும்.

இப்ப தீவுப்பக்கமும் ஒரு நாள் வாறன் எண்டிறாய். வா.

குறிகட்டுவானிலை லோஞ்சு ஏறினால் நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம். சத்தி வந்தால் காத்துக்கு எதிரை திரும்பாதை; பின்னாலை இருக்கிறவ நாளைக்கு உனக்கு மாமியாய் வாறவவாயும் இருக்கலாம். இறங்கினவுடனை மட்டக்குதிரைக்குப் பின்னாலை ஓடாதை. அதுகள் உன்னைமாதிரிக் கனபேரைப் பாத்து அலுத்ததுகள். வேலியைப் பார். சீமெந்தும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை, வெறும் பவளக்கல்லை அடுக்கின வேலி. ஆர் அடுக்கினதெண்டு கீழை கையெழுத்தும் இல்லை. உன்ரை ஓவியக்கூடத்திலை கையெழுத்துக்குத்தானே விலை.

சாப்பாட்டுக்கு வருவம். சைகோனிலை பிரெஞ்சுக்காரன் பழக்கின பாணைப் பிளந்து இறைச்சியும் இலைகுழையும் வைச்சுத் தின்னுறாங்களாம். எங்களுக்குப் பாணைத் தந்தவன் போர்த்துக்கேயன், பேரும் அவன்ரைதான். அதுக்காக இஞ்சை வந்து பாண் தேடாதை. நயினாதீவிலை நாகபூசணி அம்மனைக் கும்பிட்டிட்டு அமுதசுரபி மண்டபத்திலை குந்து. மணிமேகலையின்ரை மணிபல்லவம் இதுதான் எண்டு எங்கடை ஆக்கள் அடிச்சுச் சொல்லுவினம். வயிறு நிறைஞ்சாப்பிறகு நீயும் சொல்லுவாய்.

கூழ் என்ரை வீட்டிலை. ஒடியல் மாவை ஊறவைச்சுக் கசப்பு இறக்கி, நண்டு, றால், மீன்தலை, பயித்தங்காய், மரவள்ளி, முருங்கையிலை எல்லாம் அவியவிட்டு, பழப்புளியும் அரைச்ச செத்தல் மிளகாயும் விட்டு இறக்கினால், பிளாவிலை ஊத்தி உறிஞ்சவேணும். மூக்காலை தண்ணி ஓடவேணும், அப்பதான் சரி. கரண்டி கேட்டியோ, சாகுமட்டும் இந்த ஊரிலை உனக்குப் பேர் "கரண்டி".

தவறணைப் பக்கம் கால் இழுத்தால் நான் மறிக்கமாட்டன். கொம்மா போன் எடுத்தால் கருப்பநீர் எண்டு சொல்லு. கள்ளும் கருப்பநீரும் ஒரே பாளையிலை வடியிறதுதான். முட்டிக்குள்ளை பூசுற சுண்ணாம்புதான் வித்தியாசம். அவ்வளவு பொய்க்கு அம்மன் கோவிக்கமாட்டா.

இரவு படுக்க ஊர்காவற்றுறைக் கடற்கோட்டையைப் பாக்கிறன் எண்டாய். 1971 கலகத்திலை பிடிச்ச பெடியளைப் பூட்டிவைச்ச கோட்டை அது. இப்ப ஹோட்டல். அவங்கள் சும்மா படுத்த இடத்திலை நீ காசு குடுத்துப் படு.

இல்லாட்டி என்னோடை மெலிஞ்சிமுனைக்கு வா. தென்மோடிக் கூத்துக்குப் பேர்போன ஊர். கோயில் திருநாளை ஒட்டி மேடை போட்டால், கட்டியகாரன் வந்து சபைக்குச் சொல்லி முடிக்கவே நேரம் போயிடும்; ராசாவுக்குக் கோவம் வர நடுச்சாமம்; வாள் உருவ விடியப்புறம். உன்ரை சைகோன் ஆட்டக்காரர் அதுக்குள்ளை களைச்சு வீட்டை போயிடுவாங்கள். பாய் கொண்டுவா, கச்சான் நான் வேண்டித் தாறன். நித்திரை வந்தால் படு, ஆரும் ஏசாயினம். குறட்டை மட்டும் தாளத்தோடை வரட்டும். அண்ணாவியார் பிழைச்ச தாளத்தைப் பொறுக்கமாட்டார்.

கடைசி பஸ் எத்தினை மணிக்கு எண்டு கொம்மா கேட்டவ. எட்டரைக்கு எண்டு சொல்லியிருக்கிறன். எட்டரைக்கு ஒரு பஸ் இருக்குத்தான். காலமை.