குமரகுருபரரே அஞ்சு வயசுலதான் பேசினாரு!

பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து தார்சாவில் பாய் விரிப்பதற்குள் பெரியப்பா வந்துவிடுவார். எந்தப் பெரியப்பா என்று கேட்காதீர்கள். உங்கள் தெருவில் இருக்கிறாரே, அவர்தான். ஸ்ரீவைகுண்டத்தில் எங்களுக்கு வாய்த்தவர் கருவூலத்தில் கணக்கு எழுதி ஓய்வுபெற்றவர். அரசாங்கத்தின் வரவுசெலவைப் பார்த்த அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இப்போது ஊர்ப் பிள்ளைகளின் எடையைப் பார்க்கிறார்.

"ஏட்டி, யாரு சேனை தொட்டு வச்சா?" என்பது முதல் கேள்வி. யார் பேரைச் சொன்னாலும் முகத்தைச் சுளிப்பார். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாகத் தொட்டு வைக்கிற இனிப்புத்தான் சேனை; அதை வைத்தவர் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அந்தக் கணக்குப்படி ஊரில் உருப்பட்டதெல்லாம் அவர் சேனை வைத்தது. உருப்படாததெல்லாம் வேறு யாரோ வைத்தது. "ஆறு மாசத்துக்குத் தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணிகூடக் கொடுக்கக் கூடாதுன்னு நர்சம்மா சொல்லியிருக்காங்க பெரியப்பா" என்றேன். "அந்த நர்சுக்குச் சேனை வச்சதே நான்தாம்ட்டி" என்றார்.

நாக்கில் தேன், மூக்கில் எண்ணெய், கையில் வசம்புமணி. ஒவ்வொன்றுக்கும் ஒரு சண்டை நடந்தது. தேனில் ஒரு கிருமியின் வித்து இருக்கலாம், ஒரு வயதுக்குள் பிள்ளையின் குடல் அதைத் தாங்காது. மூக்கில் விடுகிற எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். நூல் அறுந்தால் வசம்புத் துண்டு நேரே தொண்டைக்குத்தான் போகும். எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். "நாங்கள்லாம் அப்படித்தான் வளந்தோம்" என்றார். அப்படி வளராமல் போனவர்கள் வந்து சாட்சி சொல்ல முடியாது என்பது அவருக்கு வசதி.

இதையெல்லாம்கூடச் சமாளித்துவிடலாம். தேன் பாட்டிலை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்கலாம். குமரகுருபரரை எங்கே ஒளித்து வைப்பது?

குமரகுருபர சுவாமிகள் எங்கள் ஊர்க்காரர். 17ஆம் நூற்றாண்டில் சண்முகசிகாமணிக் கவிராயருக்கும் சிவகாமசுந்தரி அம்மாளுக்கும் பிறந்தவர். 5 வயது வரைக்கும் பேச்சு வரவில்லை. திருச்செந்தூர் முருகன் சந்நிதியில் வந்தது. வந்த கையோடு கந்தர் கலிவெண்பா பாடினார். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கதை. அவர் பேரில் பள்ளிக்கூடம் இருக்கிறது, கல்லூரி இருக்கிறது. இத்தனை பெரிய மனிதரைப் பெரியப்பா கைவலித் தைலம் மாதிரி வேட்டி மடிப்பிலேயே வைத்திருக்கிறார். எங்கே வலித்தாலும் எடுத்துத் தடவுவார்.

ஒன்றரை வயதில் என் மகன் ஒரு வார்த்தை பேசவில்லை. "குமரகுருபரரே அஞ்சு வயசுலதான் பேசினாரு. உம்புள்ளைக்கு என்ன அவசரம்?"

அடுத்த வீட்டுப் பிள்ளை வாய் ஓயாமல் பேசுகிறது. "பேசட்டும்ட்டி. குமரகுருபரர் வாயைத் தொறந்ததும் 122 கண்ணி பாடினாருல்லா? யாராவது நிறுத்துன்னு சொன்னாங்களா?"

எதிர்வீட்டுப் பையனுக்கு இந்தி ஏறவில்லை. "சகலகலாவல்லி மாலை பாடச் சொல்லு. குமரகுருபரர் காசியில அதைப் பாடித்தான் இந்துஸ்தானி படிச்சாரு." பையன் பாடினான். இந்தியில் 11 மார்க் வந்தது. "ராகம் தப்பாயிருக்கும்."

நாயைக் கண்டால் அழுகிற பிள்ளைக்கு, சுவாமிகள் சிங்கத்தின்மேல் ஏறிச் சுல்தான் சபைக்குப் போன கதை. அதைக் கேட்டபிறகு அந்தப் பிள்ளை நாய்க்கும் அழுதது, சிங்கத்துக்கும் அழுதது. பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்கிற பிள்ளைக்கு, சுவாமிகள் எல்கேஜி படிக்கவில்லை என்கிற ஆதாரம். சோறு இறங்காத பிள்ளைக்கு, தாய் தகப்பன் திருச்செந்தூரில் 48 நாள் விரதம் கிடந்த வரலாறு. விரதம் இருந்தவர்கள் பெரியவர்கள், சாப்பிடாதது பிள்ளை என்று சுட்டிக்காட்டினால், "நீயும் இருந்து பாரேன்" என்பார்.

ஒருநாள் பெரியம்மை அடுக்களையிலிருந்தே கேட்டாள்: "நம்ம வீட்டு ரெண்டும் எப்பப் பேசுச்சு, சொல்லுங்க பாப்பம்." பெரியப்பா விட்டத்தைப் பார்த்தார். மூத்தவள் எந்த வருஷம் பிறந்தாள் என்பதிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது. அப்போதெல்லாம் அவருக்கு ஆபீசில் வருஷக் கடைசி வேலையாம். இரண்டு பிள்ளைகளின் மொத்தக் குழந்தைப் பருவமும் ஒரே மார்ச் மாதத்தில் நடந்து முடிந்திருக்கிறது.

இத்தனைக்கும் குமரகுருபரரைத் திறந்து படித்தால் வேறு கதை. அவர் இரண்டு பிள்ளைத்தமிழ் பாடியவர்: மதுரை மீனாட்சியம்மைக்கு ஒன்று, புள்ளிருக்குவேளூர் முத்துக்குமாரசுவாமிக்கு ஒன்று. எந்தப் பருவத்தில் பிள்ளை என்ன செய்யும் என்பதுதான் அந்த நூல்வகையின் எலும்புக்கூடே. ஐந்தாம் மாதம் கையை ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடும், செங்கீரை. ஒன்பதாம் மாதம் கையைக் கொட்டும், சப்பாணி. ஒரு வயதை ஒட்டி முத்தம், அப்புறம் தளர்நடை போட்டு வருகிற வருகை. தடுப்பூசி போடுகிற இடத்தில் கொடுக்கிற தாய் சேய் அட்டையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பெரிய தகராறு வராது. மாதத்தை எண்ணிப் பிள்ளையைப் பார்க்கத் தெரிந்த கவிஞரைப் பிடித்துவந்து, மாதத்தை எண்ணாதே என்று சொல்ல வைக்கிற சாமர்த்தியம் பெரியப்பாவுக்கு மட்டும்தான் வரும்.

என் மகனை நான் கூட்டிப்போய்க் காதைச் சோதித்தேன். காது நன்றாகவே இருந்தது. சில மாதத்தில் அவனே பேசத் தொடங்கினான். முதல் வார்த்தை "போ". மடியில் தூக்கிவைத்துக் குமரகுருபரரை ஆரம்பித்த பெரியப்பாவைப் பார்த்துத்தான் சொன்னான். அவருக்கு ஒரே பூரிப்பு. "பாத்தியா, நான் சொல்லல?" என்று தெருமுழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். பிந்திப் பேசுகிற பிள்ளைகளில் நிறையப் பேர் தாமாகவே பேசிவிடுவார்கள். அத்தனையும் பெரியப்பா கணக்கில் வரவு. பேசாமல் போனால் அது தாயின் செல்போன் கணக்கில் பற்று.

மனுஷர் மோசமானவர் இல்லை. ஆற்று விஷயத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சே கிடையாது. பிள்ளை தண்ணீரில் நிற்கிற வரைக்கும் பெரியவர் ஒருத்தர் கண் பிள்ளைமேல் இருக்க வேண்டும், போன்மேல் இருக்கக் கூடாது. அணைக்கட்டில் தண்ணீர் திறந்திருக்கிற நாளில் படித்துறைப் பக்கமே வரக் கூடாது. நீச்சல் தெரிந்த பையனாக இருந்தாலும் தனியாக இறங்கக் கூடாது. லீவு நாளில் படித்துறையில் துண்டைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். கடைசிப் பையன் தலை துவட்டுகிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டார். ஆற்றுக்குக் குமரகுருபரரைக் கூப்பிட்டதே இல்லை. தாமிரபரணி கதை கேட்காது என்று அவருக்குத் தெரியும்.

2023 டிசம்பர் 17ஆம் தேதி மழை நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் 800 பயணிகளோடு எங்கள் ஸ்டேஷனில் நின்றுபோனது. புதுக்குடிச் சனங்கள் தங்களுக்கே இல்லாத நேரத்தில் அவர்களுக்கு ஆக்கிப் போட்டார்கள். இந்தக் கரையில் தெருவுக்குள் தண்ணீர் வந்து, மாடி இருந்த வீடுகளில் எல்லாரும் ஏறிக்கொண்டோம். கரண்ட் இல்லை, டவர் இல்லை. போனைக் காட்டினால்தான் வாயைத் திறக்கிற பிள்ளைகள் ஏழெட்டுப் பேர். பெரியப்பா நடுவில் உட்கார்ந்து சிங்கத்தை அவிழ்த்துவிட்டார். அந்தச் சிங்கம் காசியில் புறப்பட்டு டெல்லி போய், திரும்புகிற வழியில் நெல்லையில் அல்வா வாங்கிக்கொண்டு வந்தது. ஒரு வாய் சோற்றுக்கு ஒரு கர்ஜனை. எல்லாத் தட்டும் காலி. இரண்டு வயதுக்குள் போனே காட்டாதீர்கள் என்று டாக்டர்கள் தொண்டை வற்றச் சொல்கிறார்கள். அதற்குப் பதிலாக என்ன காட்டுவது என்பதற்கு அன்றைக்கு மாடியில் விடை இருந்தது.

ஆனால் இதை மட்டும் சிரித்துக்கொண்டு எழுத முடியவில்லை.

எங்கள் சொந்தத்தில் ஒரு பெண்குழந்தை. இரண்டு வயதிலும் பேச்சில்லை. தாய்க்குச் சந்தேகம் வந்தது. பெரியப்பா பின்னால் நின்று ஓங்கிக் கை தட்டினார். குழந்தை திரும்பியது. "காது கேக்கு. தானாப் பேசும். குமரகுருபரரே…" வீடு நிம்மதியாகிவிட்டது. தாய் மட்டும் ஆகவில்லை. ஆனால் அவள் சொல் அந்த வீட்டில் எடுபடாது. நாலு வயது கழிந்தபிறகுதான் காது கேட்கவே இல்லை என்று தெரிந்தது. கை தட்டும்போது எழும் காற்றுக்குப் பிள்ளை திரும்பும். நிழல் அசைந்தால் திரும்பும். தரை அதிர்ந்தால் திரும்பும். காது கேட்காத பிள்ளையும் முதல் சில மாதம் எல்லாப் பிள்ளையையும் போல ஆ, ஊ என்று மழலை விடும். அப்புறம்தான் அது அடங்கிப்போகும். கைதட்டல் ஒரு சோதனையே இல்லை. பிறந்த இரண்டாம் நாள், பிள்ளை தூங்கும்போதே காதில் சின்ன முனையொன்றை வைத்துச் சில நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஒரு வயதை ஒட்டி ஒரு வார்த்தையாவது வர வேண்டும். இரண்டு வயதில் இரண்டு வார்த்தை சேர வேண்டும். வரவில்லையா, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லையா, உடனே காட்ட வேண்டும். காதுக்குள் கருவி வைக்கிற அறுவை சிகிச்சையை 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலேயே செய்கிறார்கள். எத்தனை சீக்கிரம் வைக்கிறோமோ அத்தனைக்குப் பேச்சு வரும். அந்தப் பிள்ளைக்குப் போன வருஷங்களை எந்தத் திட்டமும் திருப்பிக் கொடுக்காது.

அன்றைக்கு நேரே போய்ப் பெரியப்பாவிடம் சண்டை போட்டேன். "சண்முகசிகாமணிக் கவிராயர் என்ன பண்ணினாரு பெரியப்பா? தானாப் பேசும்னு படிப்புரையில கால் நீட்டி உக்காந்திருந்தாரா? கையில தூக்கிட்டுத் திருச்செந்தூருக்கு நடந்தாருல்லா? அந்தக் காலத்துல அவருக்குத் தெரிஞ்ச பெரிய ஆஸ்பத்திரி அதுதான். வீட்டையும் வேலையையும் விட்டுட்டு 48 நாள் அங்கனயே கிடந்தாரு. அவரு சும்மா இருந்திருந்தா ஒங்களுக்குச் சொல்ல ஒரு கதை இருந்திருக்குமா? நமக்கு இந்தப் பக்கம் திருச்செந்தூர் எவ்வளவு தூரமோ, அந்தப் பக்கம் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு கவர்மெண்டு ஆஸ்பத்திரியும் அவ்வளவு தூரம்தான். காது கேக்காத பிள்ளைகளுக்குப் பாளையங்கோட்டையில நூறு வருஷத்துக்கு மேலா ஒரு பள்ளிக்கூடம் நடக்கு. பஸ் ஏறினா வந்துரும். எந்திரிச்சுப் போகச் சொல்ல ஒங்களுக்கு என்ன கஷ்டம்?"

பெரியப்பா வாயே திறக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிப் போனார். ஒரு வாரம் எங்கள் வீட்டுப் பக்கமே காணோம். பெரியவரை இப்படிப் பேசியிருக்க வேண்டாம் என்று வீட்டில் எல்லாரும் என்னைத்தான் ஏசினார்கள்.

அடுத்த வாரம் மேலத்தெருவில் அவர் குரல் கேட்டது. இடுப்பில் பிள்ளையோடு நின்ற ஒருத்தியை மடக்கி வைத்திருந்தார். "ஏட்டி, குமரகுருபரருக்குப் பேச்சு வரலன்னதும் அவங்க அய்யா சும்மாவா இருந்தாரு? தூக்கிட்டு ஓடலியா? இதைத்தான் நான் முப்பது வருஷமாச் சொல்லுதேன், இந்த ஊர்ல ஒருத்தர் கேக்கலியே! கெளம்பு, இன்னைக்கே ஐகிரவுண்டுக்குப் போ."

"பெரியப்பா, இதுக்கு நாலு மாசம்தான் ஆவுது" என்றாள் அவள்.

"அதுக்காக? பிந்தினா யாரு பொறுப்பு?"

இப்போது அவர் யாரையும் விடுவதில்லை. நாலு மாதக் கைக்குழந்தை, மாமியார் எதிரில் வாயைத் திறக்காத புது மருமகன், கவுன்சிலர் என்று பேசாத எல்லாரையும் ஐகிரவுண்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார். ஆஸ்பத்திரிக்காரர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.