கண்ணாயிரமும் கணக்குப்பிள்ளையும்

1984. அமெரிக்காவின் போர்ட்லேண்ட். ஏழடி ஓரங்குலத்துக்கு வளர்ந்த ஓர் இளைஞர் டாக்டர்கள் முன்னால் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சின்னச் சுத்தியலால் இடது கால் எலும்பைத் தட்டி, “வலிக்குதா?” என்கிறார்கள். “இல்லையே!” என்கிறார் இளைஞர். பரிசோதனை ஏழு மணி நேரம். ரிப்போர்ட் ஓகே! அந்த சாம் போவி, “உள்ளுக்குள் வலித்தது” என்று ஒப்புக்கொண்டார். எப்போது? 28 வருடம் கழித்து, ஓர் ஆவணப்படத்தில்.

டாக்டர்களைத் திட்டாதீர்கள். கென்டக்கி யூனிவர்சிட்டியில் இருந்தபோதே அந்த எலும்பு விரிசலால் போவி முழுசாக இரண்டு சீசன் ஆடவில்லை. ஊரறிந்த ரகசியம். அதைக் கண்டுபிடிக்கச் சுத்தியல் எதற்கு? காலண்டர் போதுமே!

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏ-வில் புதுமுகங்களுக்கு ஏலம் கிடையாது. ‘டிராஃப்ட்’ என்று ஒரு வரிசை. போன சீசனில் மண்ணைக் கவ்விய அணிகளுக்குத்தான் இதில் முதல் மரியாதை. அந்த வருடம் முதல் இடத்துக்குக் காசு சுண்டினார்கள். ஹூஸ்டன் ஜெயித்து, ஹக்கீம் ஒலாஜுவானை அள்ளிக்கொண்டது. இரண்டாவதாக போர்ட்லேண்ட் நம் போவியை எடுத்தது. மூன்றாவதாக சிகாகோ, மிச்சமிருந்தவர்களில் ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு போனது. பெயர் மைக்கேல் ஜோர்டன். ஆமாம், அதே ஜோர்டன்தான்!

போர்ட்லேண்டின் நியாயம் என்ன? ஜோர்டன் ஆடும் இடத்தில் ஆட கிளைட் ட்ரெக்ஸ்லர் ஏற்கெனவே இருந்தார். அவர்களுக்கு வேண்டியது, கூடைக்கடியில் நிற்க ஒரு பனைமரம். ஒலிம்பிக் கோச் பாபி நைட் “ஜோர்டனை எடுங்க” என்றாராம். “எங்களுக்கு சென்டர்தானே வேணும்...” என்று போர்ட்லேண்ட் மேனேஜர் இழுக்க, “அப்ப அவனையே சென்டர்ல நிறுத்துங்க!” என்று சீறினாராம். கோபத்தில் சொன்னாலும் யோசனை பரவாயில்லை.

சிகாகோ மட்டும் ஞானதிருஷ்டியோடு இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். தேர்ந்தெடுத்த கையோடு அதன் மேனேஜர் ராட் தார்ன் நிருபர்களிடம் அங்கலாய்த்தார்: பையன் ஏழடி இருந்திருக்கலாம், என்ன செய்ய, சென்டர் யாரும் கிடைக்கவில்லை, இவரால் அணியின் தலையெழுத்து மாறிவிடப் போவதில்லை! அந்தத் தலையெழுத்து பிற்பாடு ஆறு சாம்பியன் பட்டங்களாக மாறியது.

சரி, நம்பர்களாவது உண்மை சொல்லியிருக்குமே என்கிறீர்களா? கல்லூரியில் ஜோர்டனின் மூன்று வருடச் சராசரி 17.7 பாயின்ட். நல்ல மார்க்தான், ஸ்டேட் ஃபர்ஸ்ட் இல்லை. அவருடைய கோச் டீன் ஸ்மித்துக்குப் பந்து எல்லார் கைக்கும் போய்விட்டுத்தான் கூடைக்குப் போக வேண்டும். கல்லூரி ஆட்டத்தில் ‘இத்தனை நொடிக்குள் பந்தை எறி’ என்று விரட்டும் ஷாட் க்ளாக் நாடு முழுவதற்கும் வந்ததும் 1985-86 சீசனில்தான். ஜோர்டனை இருபதுக்குக் கீழே அடக்கிவைத்த ஒரே மனிதர் ஸ்மித்தான் என்று அமெரிக்கர்கள் இன்றும் ஜோக்கடிக்கிறார்கள். என்பிஏ-வில் முதல் வருடமே சராசரி 28.2!

இந்த வியாபாரத்தில் இரண்டு கோஷ்டி. ஊர் ஊராகப் போய் நேரில் பார்க்கிற ஸ்கவுட்டுகள் கண்ணாயிரங்கள். கல்லூரிப் புள்ளிவிவரத்தைக் கம்ப்யூட்டரில் கொட்டிக் கடைகிறவர்கள் கணக்குப்பிள்ளைகள். கல்யாணத்துக்குப் பெண்ணைப் பார்ப்பதா, ஜாதகத்தைப் பார்ப்பதா என்று பெரியப்பாவும் சித்தப்பாவும் அடித்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்களே, அந்தச் சண்டைதான். பெண்ணை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. கேட்டால் போவி மாதிரி “வலிக்கலையே” என்பாள்!

இரண்டு கோஷ்டியாலும் தப்பாக எடைபோடப்பட்டவர், தானே தராசைப் பிடித்தால் பிரமாதமாகப் பிடிக்க வேண்டாமா? 2001. வாஷிங்டன் அணியில் ஆளெடுக்கும் பொறுப்பு ஜோர்டனிடம். முதல் சாய்ஸும் அவருக்கே. எடுத்தது க்வாமி பிரவுன் என்ற ஹைஸ்கூல் மாணவரை. கல்லூரி வாசலையே மிதிக்காததால் கல்லூரிப் புள்ளிவிவரம் என்று ஒன்று கிடையாது. முழுக்கக் கண்ணாயிரம் கணக்கு. ட்ரையலில் இன்னொரு நெட்டைப் பையனைத் தூக்கிச் சாப்பிட்டார், பார்த்தவர்கள் சொக்கிப்போனார்கள். போதாக்குறைக்கு அந்த சீசனிலேயே ஜோர்டன் ஓய்வை முறித்துக்கொண்டு அதே அணிக்கு ஆட வந்துவிட்டார். 19 வயதுப் பையன் பக்கத்தில், வரம் கொடுத்த சாமியே ஜெர்சி மாட்டிக்கொண்டு நின்றால் பந்து கையில் நிற்குமா? பிரவுனின் என்பிஏ வாழ்நாள் சராசரி 6.6.

ஜோர்டன் பாடம் கற்றுக்கொண்டார். 2006-ல் சார்லட் அணியின் பங்குதாரராக வந்தபோது நம்பரைப் பிடித்தார். கொன்சாகா கல்லூரியின் ஆடம் மாரிசன்: அரும்புமீசை, தொங்குமுடி, சராசரி 28.1, தேசத்திலேயே முதலிடம்! மூன்றாவது சாய்ஸாக மகிழ்ச்சியோடு தூக்கினார்கள். கொன்சாகா மோதிய லீகில் பெரும்பாலும் சின்னக் கல்லூரிகள்தான் என்பதை அந்த 28.1 சொல்லாது. அங்கே மாரிசனைத் துரத்தியவர்கள் பிற்காலத்தில் ஆபீஸ் போகப் போகிறவர்கள். என்பிஏ-வில் துரத்தியவர்களுக்கு ஆபீஸே அதுதான்! முதல் வருடம் அவர் எறிந்ததில் கூடைக்குள் விழுந்தது 37.6 சதவீதம். பிறகு லேக்கர்ஸ் அணியில் பெஞ்சைத் தேய்த்து, 2009, 2010 என இரண்டு சாம்பியன் மோதிரம் வாங்கிக்கொண்டார். பெஞ்சுக்கும் யோகம் வேண்டும்.

போர்ட்லேண்டை மறந்துவிட்டோமே! 2007-ல் இந்த முறை முதல் சாய்ஸே அதற்குத்தான். டெக்சாஸ் கல்லூரியில் கெவின் ட்யூரன்ட் என்ற ஒல்லிப் பையன் சராசரி 25.8 பாயின்ட், 11.1 ரீபவுண்ட் (கூடைக்குள் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) என்று கணக்குப்பிள்ளைகளைக் கிறங்கடித்திருந்தார். ஆனால் உடல் தகுதிச் சோதனையில் 185 பவுண்டு, அதாவது 84 கிலோ பாரத்தைப் படுத்தபடி ஒரு தடவைகூட அவரால் தூக்க முடியவில்லை. கண்ணாயிரங்கள் உச்சுக்கொட்டினார்கள். போர்ட்லேண்ட் எடுத்தது யாரை? ஏழடி கிரெக் ஓடனை! முதல் சீசன் தொடங்கும் முன்பே முழங்கால் ஆபரேஷன். போர்ட்லேண்டுக்காக அவர் ஆடியது மொத்தம் 82 ஆட்டம். என்பிஏ-வில் ஒரே ஒரு சீசனுக்கே 82 ஆட்டம் என்பது உங்கள் தகவலுக்கு.

அதே வருடம் சீனாவின் யி ஜியான்லியான் ட்ரையலில் ஒரு நாற்காலியை எதிராளியாக நிறுத்தி, அதைச் சுற்றிச் சுழன்று பந்து போட்டார். நாற்காலி திணறிவிட்டது. ஆறாவது சாய்ஸாக மில்வாக்கி எடுத்துக்கொண்டது, யி-யைத்தான்.

கணக்குப்பிள்ளைகளின் குலகுரு, அன்று ஹூஸ்டனின் மேனேஜராக இருந்த டேரில் மோரி. 2007-ல் அவருடைய கம்ப்யூட்டருக்கு மார்க் கசோல் என்ற ஸ்பெயின்காரரைப் பிடித்திருந்தது. அந்த நேரம் பார்த்து கசோல் சட்டையில்லாமல் நிற்கும் போட்டோ ஒன்று ஸ்கவுட்டுகள் கையில் சிக்கியது. தொளதொளத்த மார்புக்கு ஒரு பட்டப்பெயர் வைத்துச் சிரித்தார்கள். சிரித்த சிரிப்பில் கம்ப்யூட்டர் சொன்னது அமுங்கிப்போனது. 48-வது சாய்ஸாகப் போன கசோல், 2013-ல் என்பிஏ-வின் தலைசிறந்த தடுப்பாட்டக்காரர்! பட்டப்பெயருக்குத் தடை விதித்தார் மோரி. கம்ப்யூட்டரும் சும்மா இல்லை. 2008-ல் ஜோயி டோர்சி என்ற ரீபவுண்ட் புலியைக் காட்டியது. புலிக்கு 24 வயது. பாய்ந்ததெல்லாம் 19 வயது முயல்கள் மேல் என்பது எடுத்த பிறகுதான் உறைத்தது.

2010-ல் ஹார்வர்டின் ஜெரமி லின். பதினைந்தாவது சாய்ஸாகவே எடுக்கலாம் என்றது மோரியின் கம்ப்யூட்டர். எல்லார் கண்ணுக்கும் அவர் வேகமில்லாத பையனாகத் தெரிந்தார். ஆசிய முகம் என்பதைத் தவிர அதற்குக் காரணமே இல்லை என்று மோரியே பின்னால் ஒப்புக்கொண்டார். அறுபது இடம் முடிந்தும் லின்னை யாரும் கூப்பிடவில்லை. அடுத்த வருடம் அவர் சும்மாவே ஹூஸ்டனிடம் வந்து சேர்ந்தார். 2011 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் அவரை வெளியே அனுப்பினார்கள். பிப்ரவரியில் நியூயார்க்குக்காக லேக்கர்ஸை எதிர்த்து 38 பாயின்ட் குவித்தார் லின். ஊரே பைத்தியம் பிடித்து ஆடியது. ஜூலையில் ஹூஸ்டன் அவரைத் திரும்பக் கூப்பிட்டது. மூன்று வருடத்துக்குச் சம்பளம், இரண்டரைக் கோடி டாலர்!