உலகத்திலேயே ஒன்று

உத்திரமேரூர்ப் பக்கம் ஊருக்கு ஒரு காயின்காரர் உண்டு. சட்டைப்பையில் பூதக்கண்ணாடி, மடியில் பிளாஸ்டிக் உறைகள். டீக்கடையில் எதிரே உட்கார்ந்தவர் கைக்கு கிளாஸ் வருமுன் நாணயம் வந்துவிடும். “எழுத்து ரெண்டு ரெண்டா தெரியுதா பாரு. டபுள் டை. உலகத்துலயே இது ஒண்ணுதான்.” பத்து ரூபாய் நாணயம் செல்லும் என்று ரிசர்வ் வங்கி பலமுறை அறிவித்த பிறகும் மளிகைக்கடைக்காரர் அதைத் தள்ளிவிடுகிறார், காயின்காரரோ அதே நாணயத்துக்கு லட்சம் சொல்கிறார். டீக்காசை மட்டும் எதிரே இருப்பவர்தான் கொடுக்க வேண்டும்.

அவரை மறுக்க அவருடைய கடைசி வாக்கியமே போதும். டபுள் டை என்பது நாணயத்தை அடிக்கும் அச்சில் நேர்ந்த பிழை. தாய் அச்சை அழுத்தி அந்த அச்சைச் செய்யும்போது, இரண்டாம் அழுத்தம் துளி திரும்பினாலும் எழுத்து அச்சிலேயே இரட்டித்துவிடும். பிறகு அதில் அடித்ததெல்லாம் ஒரே மாதிரி இரட்டைதான். 1955-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் அப்படி ஒரு அச்சு தப்பிப் போய், 20,000-க்கும் மேற்பட்ட ஒரு சென்ட் காசுகள் வெளியே வந்தன. அந்தக் காசு இன்றும் விலை போகிறது, கூடப்பிறந்தவை அத்தனை இருந்தும். “மத்ததெல்லாம் உருக்கிட்டாங்க” என்பார் காயின்காரர். இருக்கட்டும், எழுத்தையே பார்ப்போம். அவர் காட்டுவது பெரும்பாலும் மெஷின் டபுளிங். அடித்த கையோடு, தளர்ந்திருக்கும் அச்சு துள்ளி, எழுத்தின் ஓரத்தைத் தேய்த்து இழுத்துவிடுகிறது. போட்ட கோலத்தில் முந்தானை பட்டு மாவு இழுபட்ட மாதிரி. ஓரம் தட்டையாகப் படிபோல் இறங்கியிருக்கும், எழுத்து ஒல்லியாகியிருக்கும். அசல் டபுள் டையில் எழுத்து தடிக்கும், இரண்டு கோடும் புடைத்து நிற்கும், மூலைகள் பிளவுபட்டிருக்கும். கோலத்தின் மேலேயே இன்னொரு கோலம் போட்டது போல. தேய்ந்ததும் தவறுதானே, அதற்கு விலை கிடையாதா என்று கேட்கலாம். அடிக்கடி நடக்கும் தவறு அது. சேகரிப்பவர்கள் அதற்குக் கூடுதலாகப் பெரிதாக எதுவும் கொடுப்பதில்லை.

ஆசைதானே, யாருக்கு நஷ்டம் என்று கேட்பவர்களும் உண்டு. பழைய காசை விற்றுத் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டு என்று போன் வரும்வரை நஷ்டமில்லை. தன் பெயரைச் சொல்லிக் கட்டணமும் வரியும் கேட்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. கடைசி அஸ்திரமாகக் காயின்காரர் சோழ அரசன் முதலாம் பராந்தகனை இழுப்பார்: “இந்த ஊர்ல அப்பவே பொன் வாரியம் இருந்துச்சு தெரியுமா?” பொன்னைக் கவனித்த ஊர்ச் சபைக் குழு அது. இருந்தது, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டே சொல்கிறது. வாரியத்தில் இருந்தவர் மூன்று வருஷம் ஒதுங்கியிருக்க வேண்டும் என்றும் அதே கல்வெட்டு சொல்கிறது. அந்த வரியை மட்டும் அவர் படிப்பதில்லை.

அடுத்தமுறை அவர் உறையைப் பிரித்தால் வருடத்தையும் அதன் கீழே உள்ள குறியையும் பாருங்கள்: வைரம் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, எதுவும் இல்லையென்றால் கொல்கத்தா. பார்த்துவிட்டு, “இதே வருஷம், இதே குறி, இதே மாதிரி இரட்டிச்சது இன்னொண்ணு இருக்கா?” என்று கேளுங்கள்.