பேராண்டி லேப்டாப்பப் பிரிக்கப் போறான்

ஏலே பேராண்டி, ஒன் லேப்டாப்ப வீட்லயே பிரிச்சு மாத்தப் போறியாம்லா, ஒங்க ஆச்சி சொன்னா. நல்ல காரியம். ஊரான் வீட்டு லேப்டாப்புன்னா நான் தடுத்திருப்பேன். இது ஒங்கப்பன் காசுதானே, தைரியமாச் செய்யி.

மொதல்ல மூடிய அலங்காரம் பண்ணிரு. கறுப்பு ஸ்கின் ஒண்ணு ஒட்டு, அதுக்கு மேல மண்டையோடு, பக்கத்துல ஒனக்குப் புடிச்ச நடிகரு. அடியில கலர் கலரா எரியுத கூலிங் பேடு வையி. அம்மன் கோயில் கொடைக்கு சீரியல் செட்டு போட்ட மாதிரி தெரு முழுக்கத் தெரியும். ஸ்கின் ஒட்டும்போது கீழ காத்து போற ஓட்டையையும் சேத்து மூடிரு. மார்கழிக் குளிருக்கு மடியில வச்சுக்கிடலாம். பெறவு பட்டன அமுக்கிட்டு, வாய்க்கால்ல போயி குளிச்சிட்டு, ஆச்சி கையால காப்பியும் குடிச்சிட்டு வா. அப்பவும் திரையில அந்த வட்டம் சுத்திக்கிட்டுத்தான் கெடக்கும். கெடக்கட்டும், வெளக்கு எரியுதுல்லா.

ஒங்கக்காவுக்கு இந்த அலங்காரமெல்லாம் தெரியாது, பாவம். பிளஸ் டூ படிக்கையில அரசாங்கம் குடுத்த லேப்டாப்ப வச்சுத்தான் இன்னும் ஓட்டுதா. 2011ல ஆரம்பிச்ச திட்டம் அது, எல்காட் வாங்கிக் குடுத்தது. விண்டோசோட, சென்னை சி-டாக்ல செஞ்ச பாஸ் லினக்சும் சேந்து வந்துச்சு. நம்மூர்ப் பயலுவ மொத வேலையா பாஸ அழிச்சிட்டு அந்த எடத்துல சினிமாப் படத்த ஏத்துனானுவ. இவ என்ன செஞ்சா தெரியுமா? ஹார்ட் டிஸ்கக் கழத்திட்டு எஸ்எஸ்டி போட்டா, லினக்ஸ் மின்ட் ஏத்துனா. விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவ மைக்ரோசாஃப்ட்காரன் 2025 அக்டோபர் 14ஓட நிறுத்திட்டான், இந்தப் பழைய மெஷின 11ல சேத்துக்கிடவும் மாட்டான். இவளுக்கு அந்தக் கவலையே இல்ல. மூடியில பழைய கீறல் அப்பிடியே இருக்கு. பட்டன அமுக்குனா வேலைக்கு வந்து நிக்கும்.

காரணம் என்னன்னு நீ கேக்க மாட்ட, நானே சொல்லுதேன். ஹார்ட் டிஸ்குக்குள்ள தட்டு சுத்துது. லேப்டாப்புல பெரும்பாலும் நிமிசத்துக்கு 5400 சுத்து. ஒரு சின்னக் கை அங்கிட்டும் இங்கிட்டும் ஓடி ஒவ்வொண்ணாப் பொறுக்கணும். வரிசையாப் படிச்சாலே நொடிக்கு 100 எம்பி சுமாருதான். சிதறிக் கெடந்தா அதுவும் போச்சு, கை ஓடுத ஓட்டத்துலயே பொழுது விடிஞ்சிரும். எஸ்எஸ்டில சுத்துததும் இல்ல, ஓடுததும் இல்ல. அதுல சாட்டா வகையே நொடிக்கு 500 எம்பி குடுக்கும். கையில உள்ள காசு ஒரு பொருளுக்குத்தான் காணும்னா இதத்தான் வாங்கணும். மண்டையோட்டுக்கு அப்பறமாக் கூட காசு சேக்கலாம்.

வாங்கப் போகும்போது மாடல் நம்பரப் பாக்காமப் போ. கடைக்காரருக்கும் புள்ளகுட்டி இருக்குல்லா. எம்.2ன்னு 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளத்துல ஒரு பட்டை விக்கான். அதுல சாட்டாவும் உண்டு, என்விஎம்இயும் உண்டு. பாக்கதுக்கு ரெண்டும் கூடப் பொறந்ததுதான். ஒன் லேப்டாப்பு ஒண்ணத்தான் ஏத்துக்கிடும்னா மத்தது உள்ள இருந்தும் இல்லாத கணக்கு. ரேமும் அப்பிடித்தான். லேப்டாப்பு டிடிஆர்3க்கு 204 பின், டிடிஆர்4க்கு 260. நடுவுல உள்ள வெட்டும் எடம் மாறியிருக்கும். உள்ள போகலன்னா மூச்சப் புடிச்சு அமுக்கு, மதர்போர்டும் சேத்து வாங்குத யோகம் யாருக்குக் கெடைக்கும்? 32 பிட் விண்டோச வச்சுக்கிட்டு 8 ஜிபி போடு. அது 4க்கு மேல தொடாது, மிச்சம் சேமிப்பு. மெலிசான லேப்டாப்புல ரேம போர்டோட பத்த வச்சிருப்பான். மேக்புக் ஏர் 2008ல வந்ததுலேர்ந்தே அந்தக் கணக்குதான். அதத் தொறந்து ரேம் எங்கன்னு தேடுனியானா, வாங்கியாந்த ரேம சாவிக்கொத்துல மாட்டிக்கோ.

இனி பிரிக்குத வேலை. இங்கனதாம்லே ஒன் பராக்கிரமம் தெரியணும். நான் மர்ஃபி ரேடியோ காலத்துலேர்ந்து இந்த வேலையப் பாக்கவன். திரும்ப மாட்டுனதும் ஸ்க்ரூ மிஞ்சுச்சுன்னா, கம்பெனிக்காரன் தெரியாமக் கூடப் போட்டுட்டான்னு சொல்லுத கூட்டத்த நெறையப் பாத்திருக்கேன். நீயும் அதுல சேரணும்னா எல்லா ஸ்க்ரூவையும் ஒரே கிண்ணத்துல போடு. நெட்டையும் குட்டையுமா வரும். குட்டை போற எடத்துல நெட்டையப் போட்டு முறுக்குனா, மேல கை வைக்குத எடம் பொடைச்சுக்கிட்டு வரும், இல்லன்னா போர்டத் தொளைக்கும். ஒங்கக்கா ஒரு அட்டையில லேப்டாப்பு அடிப்பக்கத்த வரைஞ்சு, அந்தந்த எடத்துல ஸ்க்ரூவக் குத்தி வச்சா. கோட்டிக்காரி, எத்தனை நேரம் வீணாப் போச்சு!

எல்லாம் கழத்துன பெறவும் மூடி வரலியா? திருப்புளிய விட்டு நெம்பு. ரப்பர் காலுக்கு அடியில ஸ்க்ரூ ஒளிஞ்சிருக்கத ஒடைஞ்ச பெறவு பாத்துக்கிடலாம். பழைய ஏடிஎம் கார்ட ஓரத்துல சொருகி, பையப் பைய கிளிப்ப விடுவிக்கதுல என்ன வீரம் இருக்கு? கீபோர்டுலேர்ந்து பட்டையா ஒரு கேபிள் வரும். அதப் புடிச்சிருக்க சின்னத் தாழ்ப்பாளத் தூக்காமலே இழு. கீபோர்டும் புதுசாயிரும்.

சரி, வெளையாட்டு போதும். பிரிக்கதுக்கு முந்தி போட்டோ, பாடம், கணக்கு எல்லாத்தையும் வேற டிஸ்குல எடுத்து வையி. விண்டோஸ் 11ல பிட்லாக்கர் பூட்டு இருக்கான்னு பாரு. இருந்தா அதோட 48 இலக்கச் சாவிய ஒரு நோட்டுல எழுதிரு. சார்ஜர உருவிட்டு, மூடியத் தொறந்ததும் மொதல்ல பேட்டரிக் கேபிளக் கழத்து, பட்டனக் கொஞ்ச நேரம் அமுக்கி வையி. ஆச்சி நைலான் சேலை கெடக்குத கட்டில்ல ஒக்காந்து செய்யாத. மேசையில வச்சு, ஏதாவது இரும்பத் தொட்டுட்டு உள்ள கை வையி. புளோயர் அடிக்கும்போது ஃபேன் எறக்கையப் புடிச்சுக்கிட்டு அடி, கண்டபடி சுத்தவிட்டா பேரிங் போயிரும். பிராசசர் மேல உள்ள பழைய பேஸ்டத் தொடச்சிட்டு புதுசு கொஞ்சூண்டு வச்சாப் போதும்.

டச்பேடு மேல எழும்பி நின்னா உள்ள பேட்டரி உப்பியிருக்குன்னு அர்த்தம். அத மட்டும் குத்தாத, நெம்பாத, வீட்ல வச்சுக் கழத்தாத. லித்தியம், தீப்புடிக்கும்லே. சார்ஜ் போடுதத நிறுத்திட்டு சர்வீஸ் கடைக்குக் கொண்டு போ. பழைய பேட்டரியக் குப்பையில போடாம அவங்ககிட்டயே குடுத்துட்டு வா. 2022ல வந்த பேட்டரிக் கழிவு விதிப்படி அதத் திரும்பச் சேகரிக்க வேண்டியது தயாரிச்சவன் பொறுப்பு.